எட்டாவது இன்னிங்ஸில் நான் திறந்த வாய்

கிளீவ்லாந்து,
மருத்துவமனை, மூன்றாம் மாடி,
வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி.

அன்பு மகள் ஸோராவுக்கு,

உன் ரூடி பெரியப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஏரிக்காற்று காதைப் பிய்த்தாலும் நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். அலாஸ்காவில் நீயும் உன் வீட்டுக்காரர் ஏமோஸும் சுகமென்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஏழு மணிக்கு உன் அப்பாவை நெஞ்சைத் திறந்து வால்வு மாற்ற உள்ளே கொண்டுபோனார்கள். பதறாதே. ஆகஸ்டிலேயே குறித்த தேதி. நீ விமானத்துக்கு நட்டு முடுக்குகிறவள், உன் கை நடுங்கக் கூடாது என்று உன் அப்பா லட்விக் உனக்குச் சொல்லவிடவில்லை. உனக்கு ஃபோன் பண்ண மாட்டேன் என்று அப்போதே என்னிடம் சத்தியமும் வாங்கினான். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுடைய தவறு.

அவன் போட்ட இரண்டாவது கட்டளை, அவன் கண் விழிக்கும்வரை நான் வாயே திறக்கக் கூடாது. ஏன் என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். ஏமோஸுக்கும் வாசித்துக் காட்டு. அவருக்கு மீனைத் தவிர வேறு ஆட்டம் தெரியாது, ஆகவே அவருக்கும் விளங்குகிற மாதிரியே எழுதுகிறேன்.

பன்னிரண்டு நாள் முன்னால் சனிக்கிழமை, நானும் உன் அப்பாவும் வழக்கம்போல பேஸ்பால் பார்க்கப் போனோம். நம் மூன்று இருக்கைகளில் அவன் ஒரு பக்கம், நடுவில் நான், அந்தப் பக்கம் காலியாக உன் இடம். நம் அணிக்குப் பந்து எறிந்தவன் ஹார்லன் பிக்ஸ். பையனா அவன்? கொக்கு மாதிரிக் கால், ஆனால் கையிலிருந்து பந்து கிளம்பினால் பாதி வழியில் மனசை மாற்றிக்கொண்டு கீழே குதிக்கிறது. ஏழு இன்னிங்ஸ் முடிந்தது. எதிரணியில் ஒருத்தன்கூட ஒரு ஹிட் அடிக்கவில்லை, அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடித் தளம் பிடிக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே போனால் அது ஒரு எறிகாரன் வாழ்நாளில் ஒரு தரம் கிடைக்கிற பெருமை. அப்போது என்ன செய்ய வேண்டும்? எதுவும் செய்யக் கூடாது. அந்த விஷயத்தை வாயால் சொல்லக் கூடாது. சக ஆட்டக்காரர்களே அவன் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள். நாற்பதாயிரம் பேரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்கோர் புத்தகத்தை மட்டும் பார்த்தான்.

எட்டாவது இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று பேர் அவுட் ஆக வேண்டும், இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். வறுகடலை விற்கிறவர் வந்தார். சந்தோஷத்தில் எனக்கு எங்கிருந்து வந்ததோ, "இன்னும் நாலே பேருதான், ஒருத்தனும் ஹிட் அடிக்கல, பாத்தீங்களா?" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது, உனக்குத் தெரியுமே. ஆறு வரிசை திரும்பிப் பார்த்தது. கடலைக்காரர் காசு வாங்காமலே போய்விட்டார். அடுத்த பந்து. மட்டையின் நுனியில் பட்டு, குழந்தை தூக்கிப் போட்ட மாதிரி இரண்டாம் தளத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. ஹிட்.

உன் அப்பா திட்டவில்லை. ஸ்கோர் புத்தகத்தில் அந்த ஹிட்டைக் குறித்தான். எழுந்தான், என் முழங்காலைத் தாண்டிப் போய் உன் இடத்தையும் கடந்து அதற்கும் அப்பால் ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்தான். உன் இருக்கையில் தன் கோட்டைப் போட்டான், வேலி போடுகிற மாதிரி. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

நம் வீடு உனக்குத் தெரியும், கீழே நான், மேலே அவன். நம் அணி புள்ளி எடுத்தால் மேலேயிருந்து குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவான், நான் துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டுவேன். முப்பது வருஷப் பழக்கம். பன்னிரண்டு நாளாகக் கூரை ஊமை. உப்பு தீர்ந்தால்கூடப் படியில் சீட்டு வைத்தான். ஆபரேஷனுக்கு முன்னால் என் வாய்தான் அவனுக்குப் பயம். டாக்டரைப் பற்றிப் பயமில்லை.

மணி பத்தரை. ஒரு செய்தியும் இல்லை. பேச முடியாததால் எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

எங்களுக்குள் பழைய சண்டை எது என்று உனக்குத் தெரியும். அவனுக்கு பேஸ்பால் தெய்வம், எனக்கு ஃபுட்பால், உலகம் காலால் ஆடுகிற அது இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, மோதி ஓடுகிற நம் அமெரிக்க ஆட்டம். இரண்டிலும் இன்றைக்கு என்னைவிட விவரம் தெரிந்தவன் இந்த ஒஹையோ மாநிலத்தில் இல்லை. பேஸ்பாலில் இப்போது எறிகாரனுக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பதினைந்து விநாடிக்குள் எறிய வேண்டும், தளத்தில் ஆள் இருந்தால் பதினெட்டு. முன்பெல்லாம் எறிகாரன் தொப்பியைச் சரிசெய்து, துப்பி, வானத்தைப் பார்த்து, மறுபடி துப்பி எறிவதற்குள் நான் போய் சாஸேஜ் வாங்கி, கடுகு தடவி, வரிசையில் நின்றவனுக்கு அரசியல் சொல்லிக்கொடுத்துத் திரும்புவேன். இப்போது கடுகு தடவுவதற்குள் இரண்டு பேர் அவுட். முதலில் திட்டினேன். ஆனால் நிஜத்தைச் சொல்ல வேண்டுமே, ஆட்டம் இப்போது நாடி பிடித்த மாதிரி துடிக்கிறது.

தளம் பிடிக்க ஓடுகிறவர்கள் கையில் ஒரு உறை மாட்டுகிறார்கள், அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற உறை மாதிரி. சிரித்தேன். அப்புறம் நம் எல்வின் தொரிபியோ அந்த உறையோடு மண்ணில் பாய்ந்து, தொட வந்தவன் கைக்கு அடியில் பாம்பாக நெளிந்து தளத்தைத் தொட்டதைப் பார்த்தேன். அந்த உறையோடு அவன் ரொட்டியே சுட்டாலும் நான் கைதட்டுவேன்.

ஃபுட்பாலில் எல்லாரும் பந்து எறிகிற நாயகனைத்தான் பார்க்கிறார்கள். அவனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் ஏரியையே வாங்கலாம். ஆட்டத் திட்டம் எழுதிய சீட்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் பிட்டு வைத்த பையன் மாதிரி எட்டிப் பார்க்கிறான். நான் பத்தாம் வகுப்பில் இதைச் செய்ததற்குத்தான் வெளியே அனுப்பினார்கள். எனக்குப் பிடித்தவன் ஓட்டிஸ் பிராக். நாயகனுக்கு முன்னால் நிற்கிற நூற்று நாற்பது கிலோ. அவன் பேர் தொலைக்காட்சியில் வராது, தப்பு செய்தால் மட்டும் வரும். மூன்று மணி நேரம் யார் யாரோ வந்து மோதுவதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கிறவன்மேல் ஒரு தூசி படாமல் காக்கிறான். போன ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். எனக்குத்தான் ஆட்டினான், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இருந்தார்கள், ஆனால் முக்கியமானவர்கள் இல்லை.

அந்த ஆட்டத்தைத்தான் சொல்ல வந்தேன். முதல் பாதியை மைதானத்தில் பார்த்தேன். பக்கத்தில் லட்விக் இல்லாமல் கத்துவதற்கு ருசியில்லை. வீட்டுக்கு வந்து மீதியைப் பெட்டியில் பார்த்தேன். மேலே அவன் பெட்டியும் ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசி நாலு விநாடி. உதைகாரன் ஐம்பத்தெட்டு கஜத்திலிருந்து உதைத்தான். எதிர்க்காற்று. பந்து கம்பத்தில் பட்டு, யோசித்து, உள்ளே விழுந்தது. நாம் ஜெயித்தோம். நான் துடைப்பத்தை எடுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டு வரவில்லை. ஜெயித்த ஆட்டத்தில் அழுத ஒரே கிளீவ்லாந்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்.

இந்த வால்வு சங்கதியும் சொல்கிறேன். டாக்டரம்மா பன்றி வால்வும் உண்டு, மாட்டு வால்வும் உண்டு என்றாராம். லட்விக் உடனே மாடு என்றானாம். ஏன் தெரியுமா? பேஸ்பாலுக்கு மேல்தோல் மாட்டுத்தோல், ஃபுட்பாலைத்தான் பன்றித்தோல் என்று ஊர் சொல்கிறது. நெஞ்சுக்குள் போகிற சாமானில்கூட என் ஆட்டத்தை ஜெயிக்கவிட மாட்டான் பார்த்தாயா?

இன்று காலை என்ன நடந்தது என்றால், தள்ளுவண்டியில் அவனை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் கதவுவரை கூடவே நடந்தேன். கதவு திறந்ததும் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னான். என்னைப் பார்த்தான். பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு.

"அண்ணே. வாய மூடிக்கிட்டு இரு. நான் கண்ணு முழிக்கிற வரைக்கும் ஒரு வார்த்த பேசாத."

தலையாட்டினேன். சின்ன வயசில் அவன் தொலைந்துபோய்விடக் கூடாது என்று என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே மைதானத்துக்குள் வருவான். இன்றைக்கும் அந்தக் கண்தான். உள்ளே போய்விட்டான்.

மணி பதினொன்றேகால். யோலாண்டா என்று ஒரு நர்ஸ் வந்தார். நம் ஊர்ப் பெண், கழுத்தட்டைக் கயிறே நம் அணியின் நிறம். "சார், இதுவரைக்கும் எல்லாமே ரொம்ப..." என்று ஆரம்பித்தார். இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினேன். இந்தக் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து, 'எட்டாவது இன்னிங்ஸ்' என்று எழுதிக் காட்டினேன். படித்தார். ஒரு நொடி. அப்புறம் உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். மகளே, வேறு ஊர் நர்ஸாக இருந்தால் என்னைப் பைத்தியக்கார வார்டுக்கு அனுப்பியிருப்பார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "வெளிய காத்து இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல சார், நேத்து மாதிரி இல்ல" என்றார். வானிலை கேட்டு இவ்வளவு தெம்பு எனக்கு எப்போதும் வந்ததில்லை. அரை மணிக்கு ஒரு தரம் வருகிறார். "மேகம் கலையுது சார்" என்கிறார், போய்விடுகிறார்.

மணி ஒன்று. டாக்டரம்மா வந்தார். பாஸ்டன்காரர், நம் வழக்கம் தெரியாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "உங்க தம்பிக்கு ஆபரேஷன்..." என்றார். யோலாண்டா ஓடிவந்து அவர் கைச்சட்டையைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னார். டாக்டரம்மா, சட்டப்படி நான் சொல்லியே ஆகணும் என்றார். அப்படியானால் மாட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்றார் யோலாண்டா. டாக்டரம்மா என்னை உற்றுப் பார்த்தார். படித்தவர், பிடித்துக்கொண்டார்.

"மாட்டைக் கட்டியாச்சு" என்றார்.

எழுந்து நின்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். வாய் திறக்கவில்லை. ஹார்லன் பிக்ஸை, ஓட்டிஸ் பிராக்கை, ஐம்பத்தெட்டு கஜம் உதைத்தவனை எல்லாம் பார்த்துவிட்டேன். ஐந்து மணி நேரம் ஒரு கை நடுங்காமல் நிற்கிற அந்த அம்மாவுக்கு எந்த ஊர் மைதானம் எழுந்து நின்று கைதட்டுகிறது? நான் மட்டும்தான் அந்த அறையில் நின்றேன்.

மணி ஆறு. இப்போதுதான் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வாயில் குழாய், மார்பில் கட்டு, கம்பி கம்பியாக ஏதோ. கண் விழித்திருந்தான். என்னைப் பார்த்தான். நான் கண் துடைப்பதைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு மெல்ல விரலைத் தூக்கித் தன் உதட்டில் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஆட்டம் இன்னும் முடியவில்லையாம். கடைசி ஆளும் அவுட் ஆகணுமாம். சரி என்று தலையாட்டித் திரும்பினேன். கதவுக்குப் பக்கத்தில் வரும்போது பின்னால் சத்தம் கேட்டது. போர்வைக்குள்ளிருந்து குதிகால், கட்டில் பலகையில்.

டொக். டொக்.

எனக்குத் துடைப்பம் இல்லை. கைமுட்டியால் கதவு நிலையில் இரண்டு தட்டினேன்.

மகளே, இதற்கு மேல் ஒன்றும் எழுத மாட்டேன். டாக்டரம்மாவைச் சொல்லவிடாத அந்த ஒரு வார்த்தை எழுதத்தான் கை துடிக்கிறது, எழுத மாட்டேன். என் வாய் எட்டாவது இன்னிங்ஸில் கெட்டது, கையும் அந்த வாயோடு சேர்ந்ததுதானே. உன் வாய் சுத்தமான வாய். நீ வந்து அவன் கட்டில் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லு. அதுவரை நான் வானிலையைத்தான் பேசுவேன். நாளைக் காலை முதல் தபாலில் இதைப் போடுகிறேன், கையில் கிடைத்த அன்றே விமானம் ஏறு. நீயே முடுக்கின விமானமாகப் பார்த்து ஏறு, எனக்கும் நிம்மதி. ஏமோஸை அழைத்து வா, அவருக்கு நான் ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். உன் இருக்கையில் அன்று அவன் விட்டுப்போன அந்தக் கோட்டை எடுத்துவந்து நானே தோய்த்துவைத்திருக்கிறேன். வெளியே காற்று நின்றுவிட்டது. நட்சத்திரம்கூட வரும் போலிருக்கிறது.

உன் வரவுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு,
வாய்மூடிய உன் பெரியப்பா,
ரூடி ஸுபான்சிச்