பெரிய டிவியில் நீதான் ஜெயித்தாய், மாப்ளே

என் அருமை அந்தோணி மாப்ளைக்கு,

உட்கார்ந்து எழுதவே முடியவில்லை, கை பரபரக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் வந்து விளையாட நாம் நினைத்த கேம் கடை வருகிற ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது. உத்தமபாளையத்தில் நாம் பார்த்து வைத்த அதே மாடி அறைதான். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நம் சண்டை தீர்ந்துவிட்டது!

எந்தச் சண்டை என்று கேட்பாயா? கடையின் பெரிய 4கே டிவியில் படம் காட்ட, கம்ப்யூட்டரில் எந்த கிராபிக்ஸ் கார்டு மாட்டுவது என்பதுதான். சிப் வேகமாக இருந்தால் எட்டு ஜிபி மெமரி போதும் என்றேன் நான். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பதினாறு ஜிபிதான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். ஓடைப்பட்டியில் உன் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏலே சுப்பு, எம்புட்டு வேகமாப் பறிச்சாலும் பழத்த வைக்கப் பெட்டி வேணும்ல? இங்கன பெட்டி நெறஞ்சிருச்சுன்னா ஒவ்வொரு கொத்துக்கும் ரோட்டுக்கு ஓடுவியா?"

"பெட்டிய அடுக்கி வச்சுக்கிட்டு, பறிக்க ஆளில்லேன்னா என்னடா செய்வ?" என்றேன் நான்.

அதுதான் நம் கடைசிப் பேச்சு. அந்த வாரமே அதே தோட்டத்தில் உன் இதயம் நின்றுபோனது. நாற்பதுகூட ஆகாமல் இப்படியா போவார்கள், மாப்ளே?

ராயப்பன்பட்டியில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. சின்னமனூரில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தேன். போன மாதம் ஒரு காலையில் உன் வீட்டுக்காரி மெர்சி வந்து நின்றாள்.

"அண்ணே, கேம் கடையத் தெறக்கப் போறீகளா இல்லையா?"

"அவன் இல்லாம எப்படிம்மா?"

"அவுக இல்ல. நான் இருக்கேன்ல? நான் நடத்துறேன். மொதல்ல அந்தக் கார்டுச் சண்டைய முடிங்க. பேசிக்கிட்டே இருந்தீகளே, ரெண்டையும் மாட்டிப் பாத்தீகளா?"

பார்த்தோமா நாம்? வாயால்தான் பேசினோம்!

தேனியில் தெரிந்த வியாபாரியிடம் இரண்டு கார்டையும் இரவல் வாங்கி வந்தேன். ஒரே கம்ப்யூட்டர், ஒரே கார் பந்தயம், ஒரே பாதை. ஓட்டியது மெர்சி. நீ தோட்டத்துக்குப் போன நேரமெல்லாம் அவள் விளையாடிப் பழகியிருக்கிறாள். உனக்குத் தெரியுமா?

முதலில் சாதாரண மானிட்டர். என் கார்டு பறந்தது, உன்னுடையது பின்தங்கியது. நான் மேசையைத் தட்டிக் கூத்தாடினேன். மெர்சி அசையவில்லை.

"இப்ப அந்தப் பெரிய டிவியில போடுங்கண்ணே. பட நுணுக்கம் எல்லாத்தையும் உச்சத்துல வைங்க."

வைத்தேன். என் கார்டு நன்றாகத்தான் கிளம்பியது. கார் ஊருக்குள் நுழைந்ததும், நீ சொன்ன பழப்பெட்டி மாதிரி மெமரி நிறைந்துவிட்டது. படம் நின்று நின்று வந்தது, சுவரெல்லாம் கலங்கித் தெரிந்தது. "என்னண்ணே, மேகமலை ரோட்டுல பழைய பஸ்ஸுல போறாப்புல இருக்கு!" என்று சொல்லும்போதே காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாள்.

உன் கார்டை மாட்டினோம். பெரிய வேகமில்லை. ஆனால் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை, மாப்ளே! மழை பெய்த தெரு, கடைவிளக்கு, தேங்கிய தண்ணீரில் விழுந்த வெளிச்சம், அத்தனையும் துல்லியம். எனக்குப் புல்லரித்துப் போனது.

நான் விட்டுவிடுவேனா? படத்தின் நுணுக்கத்தை இரண்டு படி குறைத்துவிட்டு என் கார்டை மறுபடி மாட்டினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. "பாத்தியா, பாத்தியா!" என்றேன்.

"கொறச்சுப் பாக்குறதுக்கா அண்ணே இம்புட்டுப் பெரிய டிவி?"

என் கார்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவள் சிரித்தாள். "அவுக ஜெயிச்சிட்டாக" என்றாள். சொன்ன கையோடு கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நானும்தான். அந்த நேரத்தில் என்னைக் கேலி செய்ய நீ அங்கே இருந்திருக்க வேண்டாமா?

பெரிய டிவிக்கு உன் பதினாறு. சின்ன மானிட்டர்களுக்கெல்லாம் என் எட்டு. மெர்சி முதலாளி, ரிப்பேர் நான். அவள் வைத்த விதி இது, எதிர்த்துப் பேச முடியுமா?

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் திறப்பு. முதல் பந்தயம் எனக்கும் அவளுக்கும். திங்கட்கிழமை கல்லறைக்கு வருவேன். ஜெயித்தது யார் என்று ஒளிக்காமல் சொல்வேன், தோற்றது நானாகவே இருந்தாலும். இது சத்தியம்.

உன்னோடு சண்டை போடும் ஆசை இன்னும் தீராத
உன் மச்சான் சுப்பு