மெஷினின் இரும்புக் கால்

மார்ச் 4
நாத்தனார் வந்து போனாள். என் முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, தையல் மெஷினின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, இந்த இரும்புக் கால் மேல ஒரு கண்ணாடி போட்டா டைனிங் டேபிள் என்னமா இருக்கும்! மேல இருக்கறத யாருக்காவது குடுத்துடலாம்."

மேல இருக்கறது! அதுதான் மெஷின், தாயே. சித்தி எனக்கென்று கொடுத்தது. இந்த வீட்டில் என்னுடையது என்று நான் சொல்லக்கூடிய ஒரே சாமான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 7
தையல் சரியில்லை. மேலே பார்த்தால் ஒழுங்கு. துணியைத் திருப்பினால் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷின்.

மார்ச் 8
தலையணைக் கடைக்காரர் நான் தைத்துக் கொடுத்த உறைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இழுத்தா பிரியுதும்மா. வர்ற வாரமும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." கடையில் நாலு பேர் முன்னால். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் இவர், "மெஷினுக்கு வயசாயிடுச்சு, விட்டுடு" என்கிறார். உங்களுக்கும்தான் வயசாயிடுச்சு. கேக்கறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துடவா?

மார்ச் 9
கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை அதன் நூலிலேயே தொங்கவிட்டு லேசாக உதறினேன். கொஞ்சம் இறங்கி நின்றது. அப்படித்தான் நிற்கவேண்டும். கீழ்நூலில் குற்றமில்லை.

அப்படியானால் மேல்நூல். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் நூல் முரண்டு பிடிக்கவேண்டும். வழவழவென்று வருகிறது. நூலை இறுக்கும் டென்ஷன் திருகை நான் எப்போதும் நாலில் வைப்பேன், ஒன்பதுவரை ஏற்றினேன். ம்ஹூம். திருகு இருக்கிறது, இறுக்கம் எங்கே போனது?

மார்ச் 10
கழற்றிப் பார்த்துவிட்டேன். திருகுக்குப் பின்னால் நூலைக் கவ்வ இரண்டு சின்னத் தட்டுகள். முதுகோடு முதுகு ஒட்டி இருக்கவேண்டும். ஒன்று திரும்பி, மற்றதன் மடியில் உட்கார்ந்திருந்தது. தட்டு தானாகத் திரும்புமா?

இவரைக் கேட்டேன். முதலில், "தூசி தொடச்சேன்." பிறகு, "மாட்டும்போது மாறியிருக்கும்." நான் தட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தபடியே நின்றேன். கடைசியில் வந்தது: "தங்கச்சி கேட்டா. இல்லன்னு சொல்ல வாய் வரல. ஓடலன்னா நீயே குடுத்துடுவன்னு நெனச்சேன்."

நெனச்சாராம்! தங்கச்சிகிட்ட வாய் வரல, எனக்குத் தெரியாம கழட்ட மட்டும் கை வந்துச்சா? அத்தன பேர் முன்னாடி தலகுனிஞ்சு நின்னேனே — அது? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் கேக்கல.

மார்ச் 11
இவருக்குக் காபி போடவில்லை.

மார்ச் 12
தட்டைச் சரியாக மாட்டினேன். மேலே கறுப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு ஒரு கிழிசல் துணியில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் வைத்தால் அடியில் கறுப்பு எட்டிப் பார்த்தது. ஐந்தில் மேலே வெள்ளை. நாலில் இரண்டும் துணிக்குள்ளேயே அடங்கின. என் பழைய நாலு!

இனி எல்லா உறைகளையும் பிரித்துத் தைக்கவேண்டும். இவர் கதவோரம் வந்து நின்றார். பிளேடை நீட்டினேன். தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். பிரிக்கட்டும்.

மார்ச் 16
கடைக்காரர் உறைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு புதுத் துணிக்கட்டைத் தூக்கி என் பையில் வைத்தார்.

சாயங்காலம் இவருக்கு நாத்தனார் போன், மெஷினின் இரும்புக் காலை எடுத்துப்போக எப்போது வரலாம் என்று. இவரை ஸ்பீக்கரில் போடச் சொல்லி எதிரில் உட்கார்ந்தேன்.

"அது... குடுக்கறதுக்கில்லம்மா."

"ஏன், அண்ணி வேணாங்கறாங்களா?"

என்னைப் பார்த்தார். "இல்ல. நான்தான் சொல்றேன்."

இதைச் சொல்லத்தான் இத்தனை கூத்து.

ஏப்ரல் 2
சட்டைப் பொத்தான் தைக்க ஊசி வேண்டுமென்றால்கூட இவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மெஷின் டிராயரைத் திறக்கிறார்.

நாத்தனார் மேஜைக்கு மரக்கால் போட்டுக்கொண்டாளாம். விரிப்பு தைத்துத் தரச் சொல்லித் துணி அனுப்பியிருந்தாள். எவ்வளவு தொங்கவேண்டும் என்று சொல்லவில்லை, நானே வைத்தேன். தரைவரை. கால் யார் கண்ணிலும் படாது.