அய்யாவு மகளும் கெட்டில் மகளும்

ஜூலை 8, செவ்வாய்

பண்டமாரான் கிளினிக்கில் இன்றும் "மிஸ் அய்யாவு" என்றுதான் கூப்பிட்டார்கள். பல்வலி எனக்கு, பெயர் அப்பாவுக்கு. "அய்யாவு லோரி ஓட்டப் போயிருக்காரு, நான் ஷாமினி" என்றேன். கவுண்டர் பெண் சிரிக்கவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பின்னால் நிற்பது அப்பா பெயர் என்று இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது?

மதியம் ஆபீசில் பெரிய வேலை கைக்கு வந்தது. வட ஐரோப்பாவின் எட்டு நாட்டு எம்.பி.க்களும், அட்லாண்டிக்கின் அந்தக் கரையிலிருந்து அமெரிக்க, கனடா எம்.பி.க்களும் கோலாலம்பூரில் நம் எம்.பி.க்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். ஏற்பாடு எங்கள் கம்பெனி. யார் எங்கே உட்காருவது என்பது என் பொறுப்பு.

"நல்லா முடிஞ்சா நீ பெர்மனன்ட். சொதப்பினா இந்த மாசத்தோட டாட்டா லா" என்றார் பாஸ் கோபாலன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

முப்பத்தாறு பெயர்ப்பலகைகள் தயார். நாடு வாரியாக உட்கார வைத்தால் அவரவர் ஆட்களோடேயே பேசுவார்களாம். அதனால் குடும்பப் பெயரின் எழுத்து வரிசையில் கலந்து வைத்திருக்கிறேன். ஒரு தப்பு இல்லை. எனக்கே என்மேல் பொறாமையாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

செத்தேன்.

அதே நாள், கிள்ளான் ரயிலில்

மூச்சு வந்துவிட்டது. எழுதுகிறேன்.

ஐஸ்லாந்து எம்.பி. ஸ்டெய்னுன் தன் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மிஸ் கெட்டில்ஸ்டோட்டிர்" என்று அச்சடித்திருந்தேன். என்னை அழைத்து நிதானமாகச் சொன்னார்: "இதற்கு கெட்டிலின் மகள் என்று அர்த்தம். கெட்டில் என் அப்பா. அவர் வரவில்லை, மீன் பிடிக்கப் போயிருக்கிறார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிரதமரைக்கூடச் சொந்தப் பெயரில்தான் கூப்பிடுவோம்."

ஐயோ, கிளினிக்ல சண்ட போடுற நானா இதப் பண்ணேன்?

என் கழுத்து அட்டையைக் காட்டினேன். ஷாமினி ஏ/பி அய்யாவு. ஏ/பி என்றால் மலாயில் மகள் என்று சொன்னேன். "என் அப்பாவும் வரவில்லை, லோரி ஓட்டுகிறார்." அவர் சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பியது. இடத்தையும் மாற்றிவிடுகிறேன் என்றேன். "பெயரை மாற்று. இடம் இருக்கட்டும்."

பிறகுதான் கவனித்தேன். பக்கத்து நாற்காலியில் அமெரிக்க எம்.பி. கெல்லர். கடலுக்கடியில் போகும் கேபிள்களை யார் காவல் காப்பது என்று கூட்டறிக்கையில் வரும் ஒரே வரிக்காக, போன கூட்டத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே இல்லையாம். பாஸ் வெளுத்துப்போனார். "நாளைக்கு முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். அந்தப் 'பேசிக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

தேநீர் வேளையில் கெல்லர் என்னிடம் வந்து, "உன் அப்பா லோரியில் என்ன ஏற்றுவார்?" என்று கேட்டார். கதை அவருக்கும் போயிருக்கிறது! ஸ்டெய்னுனும் அவரும் அப்பாக்களில் தொடங்கிய பேச்சாம். கரிபாப் பலகாரத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, காகிதக் கைத்துண்டில் அந்த வரியை இருவரும் எழுதியே முடித்துவிட்டார்கள். மூன்று மணிக்குக் கூட்டறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஸ்டெய்னுன் கடைசியாகப் பேசினார். "அரசாங்கங்கள் மாறும். எம்.பி.க்கள் நாங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு யாராவது எங்களைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். நன்றி, ஷாமினி."

மைக்கில். வெறும் ஷாமினி.

பிரிக்பீல்ட்ஸில் ஸ்டேஷனுக்கு நடந்தேனா, மிதந்தேனா தெரியவில்லை. பூக்கடை அக்கா, "என்னம்மா, லாட்டரி நம்பர் அடிச்சிருச்சா?" என்றார். சந்தோஷத்தில் இரண்டு முழம் வாங்கிவிட்டேன். வீட்டில் தலையில் பூ வைக்க என்னைத் தவிர யாருமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பாஸ் இன்னும் பேசவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. பெர்மனன்ட்! ஆனால் தொடக்கம் "டியர் அய்யாவு".

அப்பா இரண்டு முறை படித்தார். "வேல எனக்குத்தான் கெடச்சிருக்கு. திங்கக்கெழம நான் ஆபீஸ் போறேன், நீ லோரிய எடு."

திருத்தித் தரச் சொல்லி பாஸுக்கு மெசேஜ் எழுதினேன். அதற்குள் அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்துவிட்டு, தள்ளி நின்று தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெசேஜை அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை யார் போவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.