வியாழன் மாலை ஆறு மணி வரை

விண்டெல் ஆற்றங்கரை,
செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 1986

அன்புப் பேத்தி ஆன்னெலிக்கு, பாட்டி ஹில்மா எழுதுவது. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். தலை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

போனில் சொல்ல முடியாது. உங்கள் விடுதிக் கூடத்தில் அணியே நின்று கேட்கும், நீயும் என்னைப் பேசவிட மாட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பொறுத்துப் படி.

ஞாயிறு கால்பந்து ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு டாக்னியின் டிவியில் பார்த்தோம். அந்த டேனிஷ்காரியும் நீயும் ஒரே பந்துக்கு எகிறித் தலையோடு தலை மோதினீர்கள். நீ எழுந்து ஆடினாய், ஜெயித்தோம். "உன் பேத்திக்கு மண்டையில சதையே இல்ல ஹில்மா, எல்லாம் கருங்கல்லு" என்றாள் டாக்னி. "பொறாமையில வேகாத, உன் காப்பி ஆறுது" என்றேன். பேப்பரில் வந்த உன் படத்தை வெட்டிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். கடை வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அந்தப் பக்கமாக மூன்று தடவை நடந்தேன்.

திங்கட்கிழமை போனில், "மூரி அடுப்படியிலதான் படுத்திருக்கானா பாட்டி?" என்று கேட்டாய். நம் நாய் மூரி செத்து ஐந்து மாதமாகிறது. பனி இறுகிய மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக் குழி வெட்டியது நீதான். நான் அதைச் சொன்னேன். பிறகு, "கோச்கிட்ட மட்டும் சொல்லிடாத, சனிக்கிழமை நார்வேகூட ஆட்டம், உட்கார வச்சிடுவாரு" என்றாய்.

இன்று காலை அவரே கூப்பிட்டார். "உங்ககிட்டதான் அவ உண்மையச் சொல்லுவா பாட்டிம்மா. தலை சுத்தல், மறதி, அப்படி ஏதாவது சொன்னாளா? நல்லாத்தான் இருக்காளா?" என்று கேட்டார். நம் ஊர்க்காரர்கள் ஆமாம் சொல்கிற மாதிரி, வாயைத் திறக்காமல் மூச்சை உள்ளே இழுத்தேன். தெற்கத்திக்காரருக்கு அது புரியாதே என்று, "நல்லா இருக்கா" என்று வாயாலும் சொன்னேன். போனை வைத்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஏனென்றால் இந்தப் பொய்யை நான் முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

உன் தாத்தா அல்பின் ஆற்றில் மிதந்து போகும் மரக்கட்டைகளை அவற்றின் மேல் நின்று ஓட்டும்போது வழுக்கி விழுந்து செத்தார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். அதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு கட்டை புரண்டு அவர் தலையில் அடித்திருந்தது. அன்று சாப்பிட உட்கார்ந்தவர் கரண்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். இரண்டு நாள் வேலைக்குப் போகாததால் மேஸ்திரி வீட்டுக்கே வந்து, "அல்பினுக்கு என்னம்மா?" என்றார். "சளிதான், நாளைக்கு வந்துடுவாரு" என்றேன். அல்பின்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். ஆளை மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கட்டைமேல் அவர் போல ஓடுகிறவர் இல்லை என்று எனக்குப் பெருமை. மறுநாள் ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அன்றுதான் ஆற்றில் விழுந்தார். முப்பத்து நாலு வருஷமாக இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இருபத்தெட்டு ஆட்டம் நாட்டுக்காக ஆடிவிட்டாய். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நின்று, கையை உயர்த்தி மற்றவர்களை வரிசைப்படுத்துவாயே, அதைப் பார்க்கத்தான் நான் டாக்னி வீட்டுக்குப் போகிறேன். இருபத்தொன்பதாவதை உட்கார்ந்து பார். வலி எனக்கும் இருக்கும்.

நாளைக் காலைத் தபாலில் போடுகிறேன், வியாழன் உன் கைக்கு வரும். நீயே போய்க் கோச்சிடம் சொல். டாக்டரிடம் மூரி விஷயத்தையும் சொல். அன்று மாலை ஆறு மணி வரை போன் பக்கத்திலேயே இருப்பேன். ஆறு அடித்தும் உன் குரல் வராவிட்டால் கோச்சைக் கூப்பிட்டு நான் சொன்னது பொய் என்பேன். அதற்கப்புறம் நீ என்னோடு பேசாமலே போனாலும் சரி.

காட்டுச் சிவப்புப் பழத்தை ஜாமாகக் காய்ச்சி எட்டு பாட்டில் வைத்திருக்கிறேன். நாலு உனக்கு.

போன் செய்யும்போது மூரி எங்கே படுத்திருக்கிறான் என்று கேட்பேன். கண்ணே, சரியாகச் சொல்லிவிடு.

உனக்காகவே ஜெபிக்கும்
பாட்டி ஹில்மா