இருபத்தேழு அங்குலக் கதவு

என் தங்கத்துக்கு, அப்பாவும் நானும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததிலிருந்து அது ஓரிடத்தில் உட்காரவில்லை. கூப்பிட்டால் அப்பாகிட்ட குடும்மா என்கிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதையாவது பாதியில் வைத்துவிடாமல் படி.

குளியலறைக் கதவுக்குள் உன் சக்கர நாற்காலி நுழையாது என்று சொன்னேன் அல்லவா, நீயும் சரிம்மா, அப்ப நான் வரல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறேன் என்றவளை ஒரு கதவைக் காட்டி நிறுத்திவிட்டேன். மறுநாள் ஆறாம் வகுப்பில் அங்குலம், சென்டிமீட்டர் பாடம். உனக்குத் தெரியுமே, நான் எடுக்கிற பாடங்களிலேயே கூச்சல் அதிகமானது அதுதான். அளவுகோலின் இந்த ஓரத்தில் அங்குலம், அந்த ஓரத்தில் சென்டிமீட்டர், பாதிப் பிள்ளைகள் ஓரம் மாற்றி வைத்து அளக்கும். ஒருத்தி தன் பென்சில் பதினேழு அங்குலம் என்று எழுதியிருந்தாள், அதை வைத்து ஒட்டடையே அடிக்கலாம். எனக்கு வேறு கணக்கு எதுவும் ஓடாததால் நம் கதவையே கரும்பலகையில் எழுதிவிட்டேன். கதவு இருபத்தேழு அங்குலம், நாற்காலி அறுபத்தெட்டு சென்டிமீட்டர், நுழையுமா நுழையாதா. அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்றுதான் நான் எப்போதும் போடச் சொல்வேன், புத்தகத்தில் 2.54 என்று இருந்தாலும் அந்த வாலை வெட்டிவிடுங்கள் என்பேன். எல்லாரும் பெருக்கி 67.5, நுழையாது என்று எழுதினார்கள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் 'ஏன் டீச்சர்' என்றே பெயர் வாங்கிய ஒருத்தி மட்டும் வாலோடு பெருக்கி 68.58, நுழையும் என்று எழுதியிருந்தாள். தப்பு என்று சுழிக்கப் போனேன், அவள் விடவில்லை. போறதுக்கு வழி இருக்கறப்ப போகாதுன்னு ஏன் டீச்சர் சொல்லணும் என்று கேட்டாள். சுழிக்க எடுத்த பேனாவாலேயே சரி போட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வால் எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக அதைச் சொல்லிக்கொடுத்துத்தானே சோறு தின்கிறேன். மூன்று தரம் அளக்காமல் விடை எழுதாதே என்று பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவள், உன் கதவை ஒரே ஒரு தரம் அளந்தேன். மனக்கணக்காக இரண்டரையால் பெருக்கினேன், நுழையாது என்று வந்ததும் அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிய பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வாசலுக்கு வருவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போனில் உன் முகம் மட்டும்தான் தெரியும், அதை வைத்து இத்தனை நாள் சமாளித்துக்கொண்டிருந்தேன். என் பயத்துக்குக் கதவின் மேல் பழியைப் போட்டேன், என்னை மன்னித்துவிடு.

அப்பாவிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நுழைஞ்சா மட்டும் போதுமா, சக்கரத்தைத் தள்ளுற கை கதவு நிலையில உரசாதா என்று கேட்டுவிட்டு நேரே கொத்தனாரைக் கூட்டிவரப் போய்விட்டார். இன்று காலையிலிருந்து சுவரை உடைக்கிறார்கள், இந்தத் தாளிலேயே தூசி விழுகிறது. நான் நாலு வரி எழுதுவதும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடுவதுமாக இருக்கிறேன். டீச்சரம்மா, எனக்குப் பரீட்சையா வைக்கறீங்க என்று கொத்தனார் கேட்டேவிட்டார். குளியலறைக்குப் புது வாசல் முப்பத்திரண்டு அங்குலம், அதாவது 81.28 சென்டிமீட்டர், வாலை வெட்டாமல் எழுதியிருக்கிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்திருந்தால் மறுபடி போடு. தோள் வலிக்கு மருந்து தடவாமல் தூங்காதே. நாற்காலியின் உயரத்தை அளந்து அனுப்பு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைய வேண்டும், அலகு எழுத மறந்தால் மகள் என்றும் பார்க்காமல் அரை மதிப்பெண் குறைப்பேன். நீ வரும் அன்று வாசலில் நான்தான் நிற்பேன், அழுதால் கண்டுகொள்ளாதே. எந்தக் கதவும் உன்னை மறிக்காமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று தரம் அளந்துவிட்ட
உன் அம்மா