ஒன்பதாம் வீட்டு ரவுட்டர்

நாள் 381. காலை 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் 412 லிட்டர். வெளியே மைனஸ் 61. கப்பல் நின்ற இடத்தில் நிற்கிறது. இணைய வேகம் வழக்கத்தில் முந்நூறில் ஒரு பங்கு.

இதைப் பிற்பாடு படிக்கிறவருக்கு: நான் சு. ஆவுடைத்தங்கம். வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் கோவில்பட்டி. செவ்வாயில் இருக்கும் ஒன்பதாம் வீட்டின் பராமரிப்பாளர். கூட இருந்த ஐந்து பேரும் நாள் 360 அன்று பெரிய கப்பலில் பூமிக்குக் கிளம்பிவிட்டார்கள். வீட்டை ஒழித்துப் பூட்டிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், நான் நின்றேன். எனக்கென்று ஒற்றை ஆள் கப்பல் வெளியே இருக்கிறது.

ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று எனக்கு மூன்று வரன் தட்டிப்போயிற்று. கடைசியில் செவ்வாய்க்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நாள் 382. காலை 08:40

வேகம் ஏறவில்லை. ரவுட்டரை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன். மாற்றம் இல்லை.

இங்கே வருமுன் பதினான்கு வருஷம் கோவில்பட்டி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நெட் புகார் பார்த்தவள் நான். 'ரீஸ்டார்ட் பண்ணீங்களா?' என்று கேட்டால், பண்ணாமலேயே எல்லோரும் 'ஆமா' என்பார்கள். நான் நிஜமாகவே பண்ணினேன். இது எழுத்தில் இருக்கட்டும்.

நாள் 383. மதியம் 12:05

கீழிருந்து பறப்புக் கோப்பு வர ஆரம்பித்திருக்கிறது. (கீழே என்றால் பூமி. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.) எந்த நிமிடம் கிளம்ப வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கப்பலுக்குச் சொல்லும் கோப்பு அது. முழுசாக இறங்காவிட்டால் கப்பலின் கதவுகூடப் பூட்டாது. வழக்கமாக இரண்டு மணி நேர வேலை. இப்போது போகிற வேகத்தில் ஒரு நாளைக்கு நான்கு சதவீதம்.

கிளம்பக் கடைசி நேரம் நாள் 400, மதியம் பன்னிரண்டு. அதை விட்டால் அடுத்த வாய்ப்பு இருபத்தாறு மாதம் கழித்து. சாப்பாடு ஐந்து மாதத்துக்கு இருக்கிறது.

புகார் பதிந்தேன். எண் 7718. நானும் ஒரு கஸ்டமர் ஆகிவிட்டேன்.

நாள் 385. மாலை 04:30

வெளியே போய் வந்தேன். ஆன்டெனாத் தட்டில் விரல்கடை உயரத்துக்குச் செம்மண் தூசி. துடைத்தேன். கேபிளை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தேன், முறிவு இல்லை. ரவுட்டரைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி நடுக்கூடத்தில் வைத்தேன். தொட்டால் சூடு இருக்கிறது, ஆனால் கை பொறுக்கிற சூடுதான்.

வேகம் அதேதான். கோப்பு எட்டு சதவீதம்.

நாள் 388. காலை 09:15

வழக்கமான சந்தேகம்: வேறு யார் இழுக்கிறார்கள்? ஊரில் மாடி வீட்டுப் பையன் படம் இறக்கிக்கொண்டிருப்பான். இங்கே யார்? தேடினால் பதினேழு கருவி இணைப்பில் இருந்தது. மண் ஈரமானி, நில அதிர்வுமானி, ஐந்து பேர் விட்டுப்போன படுக்கைகளின் நாடித்துடிப்புமானி. ஆள் இல்லாத படுக்கைக்கு நாடித்துடிப்பு பூஜ்யம் பூஜ்யம் என்று நான்கு வாரமாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. சனியன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன்.

இப்போது நாளுக்கு ஆறு சதவீதம். கோப்பு இருபதில் நிற்கிறது.

புகாருக்கு முதல் பதில் வந்தது:

'வணக்கம் மேடம், 7718 பாக்கிறது நாந்தான். ஜெபசிங். ரீஸ்டார்ட் பண்ணீங்களா? அப்புறம், எங்க லிஸ்ட்ல ஒன்பதாம் வீடு காலின்னு காட்டுது. ஆள் இருக்கீங்களா?'

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. 'ஆள் இல்லாம பேயா புகார் குடுக்கும்? ரீஸ்டார்ட், கேபிள், சூடு, சுத்தம் எல்லாம் பாத்தாச்சு. நானும் இதே பொழப்புல பதினாலு வருஷம் கோவில்பட்டியில இருந்தவதான்' என்று எழுதி அனுப்பினேன்.

நாள் 389. மாலை 05:50

இந்த வேகத்தில் ஒரு செய்தி போய்வர ஒரு நாள் ஆகிறது. ஆனாலும் பதில் வந்துவிட்டது:

'யாத்தீ, கோவில்பட்டியா! நா எட்டயபுரம்க்கா. நம்மாளுட்ட போயி ரீஸ்டார்ட் பண்ணியான்னு கேட்டுட்டேனே, மன்னிச்சிருங்க. காலின்னு போட்டது வேற டிப்பார்ட்மென்டு, அத நா தொட முடியாது. புகார் ஓப்பன்ல இருக்கவரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல. கவலப்படாதீங்கக்கா, நா இருக்கேம்லா.'

மூன்று தடவை படித்தேன். முப்பது நாளாக யாரும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. கண் நிறைந்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

நாள் 392. காலை 10:00

கோப்பு நாற்பத்து நான்கு. கப்பல் பிரிவுக்கு நான் எழுதிய கடிதம் இன்னும் வரிசையிலேயே நிற்கிறது, போகவில்லை. அவர்கள் திரையில் 'கோப்பு அனுப்பியாயிற்று' என்று காட்டியிருக்கும். அதற்கு மேல் அவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வேலை பார்த்த எனக்குத் தெரியாதா.

புகார்ப் பக்கம் வழியாக ஜெபசிங்குக்கு மட்டும்தான் செய்தி போகிறது. கப்பல் விஷயத்தை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. நெட் போனால் எல்லா கஸ்டமரும் உயிர் போகிற அவசரம் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் வண்டியில் ஏறியதும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் நானும் ஒரு ஆளாக வேண்டாம் என்று தோன்றியது.

நாள் 394. மதியம் 01:20

கணக்குப் போட்டேன். கோப்பு ஐம்பத்தாறு. மிச்சம் நாற்பத்து நான்கு. நாளுக்கு ஆறு என்றால் ஏழே கால் நாள். முடிவது நாள் 401, மாலை. கப்பல் கிளம்பக் கடைசி நேரம் நாள் 400, மதியம். ஒன்றே கால் நாள் துண்டு விழுகிறது.

அலமாரியில் புது ரவுட்டர் இருக்கிறது. அட்டைப்பெட்டி பிரிக்காதது. மாற்றலாம். ஆனால் பாதி இறங்கிய கோப்பு பழைய ரவுட்டரின் நினைவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அணைத்தால் ஐம்பத்தாறும் போய்விடும். புதுசு வேலை செய்தால் பூஜ்யத்திலிருந்து இரண்டு மணி நேரம். செய்யாவிட்டால் அவ்வளவுதான்.

ஜெபசிங்கிடம் கேட்டிருந்தேன். பதில்:

'அக்கா, பாக்ஸ்தான் போயிருக்கும். உங்களுக்குத் தெரியாததா. யோசிக்காம மாத்துங்க, இங்கருந்து நா ரிஜிஸ்டர் பண்ணி வச்சுட்டேன். மாட்டி அஞ்சு லைட்டும் பச்ச வந்ததும் புகார முடிக்கிற ஓடிபிய அனுப்பி விட்டுருங்க. இன்னைக்கு மாசக் கடைசி, முடிச்ச கணக்குல ரெண்டு புகார் குறையுது, சூப்பர்வைசர் உசுர வாங்குதான். க்ளோஸ் பண்ணிட்டு நாளைக்குக் காலைல மொத வேலையா உங்க லைனத்தான் பாப்பேன்.'

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம். ஆயிரம் தடவை நானே சொல்லியிருக்கிறேன்.

நாள் 394. மாலை 06:00

மாற்றிவிட்டேன். பழையதை அணைத்தேன். புதுசின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தேன், மாட்டினேன். ஒரு விளக்கு. இரண்டு. நான்கு நிமிடத்தில் ஐந்தும் பச்சை. கைதட்டினேன், ஆள் இல்லாத வீட்டில்.

உடனே ஓடிபி அனுப்பிவிட்டேன். வேகம் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் நம்மூர் ஆள் மாசக் கடைசியில் காத்துக்கொண்டிருப்பான், ஒரு நாள் தாமதித்தால் அவன் கணக்கில் விழாது. அந்த வேதனை பட்டவளுக்குத்தான் தெரியும். அனுப்பிவிட்டேன்.

நாள் 394. இரவு 08:10

கோப்பு அரை சதவீதம்.

இரண்டு மணி நேரத்துக்கு அரை. அதாவது நாளுக்கு ஆறு. அதே பழைய வேகம். அப்படியானால் ரவுட்டரில் கோளாறே இல்லை. கோளாறு என் வீட்டிலேயே இல்லை.

'ஜெபசிங், க்ளோஸ் பண்ணாதீங்க' என்று எழுதினேன். அனுப்பினேன்.

நாள் 395. காலை 07:30

நான் அனுப்பியது வரிசையில் நிற்கிறது. கீழிருந்து ஒன்று வந்தது. மனிதர் எழுதியது அல்ல:

'புகார் 7718 தீர்ந்தது. ஒன்பதாம் வீடு: காலி. காலி வீடுகளுக்கு அலை நேரம்: புகார் நிலுவையில் உள்ளவரை மட்டும். நன்றி.'

அதற்குப் பின் எதுவும் வரவில்லை. கோப்பு இரண்டே முக்காலில் நின்றுவிட்டது.

இப்போது புரிகிறது. ஐந்து பேர் கிளம்பியதும் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டைக் காலி என்று போட்டுவிட்டான். நாள் 381 அன்று வேகம் இறங்கியது அதனால்தான். அடியோடு அறுபடுமுன் நான் புகார் கொடுத்ததால்தான் கீழே இருக்கும் ஆன்டெனா ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது என் பக்கம் திரும்பியது. அவர் சொன்னாரே, 'புகார் ஓப்பன்ல இருக்கவரைக்கும்' என்று. அக்கா என்ற வார்த்தையில் மயங்கி அந்த வரியைத் தாண்டிவிட்டேன். மக்கு. பதினான்கு வருஷம் வேலை பார்த்த மக்கு.

புதுப் புகார் கொடுக்க இணைப்பு வேண்டும்.

நாள் 396. காலை 11:00

பழைய ரவுட்டரை மறுபடி மாட்டினேன். கோப்பு பூஜ்யம். தெரிந்தேதான் மாட்டினேன்.

ஜெபசிங் மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை. அவர் ஏமாற்றவில்லை. காலையில் வந்து பட்டியலைத் திறந்திருப்பார். முடிந்த புகார் பட்டியலில் இருக்காது. புதிதாகப் பதினைந்து இருக்கும். முதல் வீட்டுக்காரர் உயிர் போகிறது என்று கத்திக்கொண்டிருப்பார். மத்தியானத்துக்குள் என் பெயர் அவருக்கு மறந்திருக்கும். எனக்கு அப்படித்தான் மறக்கும்.

நாள் 398. மாலை 03:40

ஒன்று மட்டும் மறக்கவில்லை. கயத்தாறில் ஒரு வீடு. சண்முகக்கனி என்று ஒரு பெண், பதினெட்டு வயது, அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. நர்சிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மறுநாள் மாலை ஐந்து மணி. நெட் நின்று நின்று வந்தது. 'ஓடிபி சொல்லும்மா, நாளைக்குக் காலைல மொத வேலையா உன் வீட்டுக்குத்தான் வருவேன்' என்றேன். சொன்னாள். அன்றும் மாசக் கடைசி.

மறுநாள் என் ஃபோனில் பதினோரு தவறிய அழைப்பு. தெரியாத எண் என்று எடுக்கவில்லை, அவள் வீட்டுக்குப் போகவும் இல்லை. ஒரு வாரம் கழித்து அதே தெருவில் வேறு வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

நாள் 400. மதியம் 12:00

காலையிலேயே உடுப்பை மாட்டிக் கப்பலில் போய் உட்கார்ந்தேன். கதவு பூட்டவில்லை. திரையில் 'கோப்புக்காகக் காத்திருக்கிறது' என்று நின்றது. பன்னிரண்டு ஆனதும் அதுவும் அணைந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஊரில் அம்மா, 'எம்மக இன்னைக்குக் கெளம்பியிருப்பா' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நாள் 431. காலை 09:00

காற்றழுத்தம் சரி. தண்ணீர் 377. கப்பல் நின்ற இடத்தில் நிற்கிறது. என்னை யாராவது தேடியிருப்பார்கள். தேடினாலும் காலி வீட்டைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்ப எத்தனை கையெழுத்து வேண்டுமோ. திருப்பினாலும் கோள்கள் விலகிவிட்டன. வந்து சேர எந்தக் கப்பலுக்கும் வழி கிடையாது.

புது ரவுட்டரைத்தான் மாட்டி வைத்திருக்கிறேன். ஐந்து விளக்கும் பச்சை. தினமும் துடைக்கிறேன்.

நாள் 546. காலை

சாப்பாட்டுப் பொட்டலம் நேற்றோடு முடிந்தது. எழுத்து ஒழுங்காக வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் படுக்கையின் நாடித்துடிப்புமானியை மறுபடி இணைப்பில் போட்டேன். யாருக்கும் போகாது. ஆனாலும் ஆள் இருக்கிறாள் என்று ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இந்த வீட்டுக்கு வருகிறவருக்கு: ரவுட்டர் நல்ல ரவுட்டர். அதை மாற்ற வேண்டாம்.

கனி, அன்றைக்கு ஐந்து மணி தாண்டிய பிறகும் நீ எனக்கு ஃபோன் போட்டாயா? பதினோரு அழைப்பில் கடைசியது எத்தனை மணிக்கு என்று நான் பார்க்கவே இல்லை. நான் வருவேன் என்று நீ அப்போதும் நம்பிக்கொண்டு