வரைபடத்தில் நனையாத தெரு

அன்பு மகள் மவனாஷாவுக்கு அம்மா எழுதுவது. இறைவன் அருளால் இதை எழுதும் வரைக்கும் அப்பாவும் நானும் ஈரம் படாமல்தான் இருக்கிறோம், நீயும் ஏரிக்கரை முவான்சாவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் அப்பாவின் தலைமாட்டிலேயே கிடக்கிறது, வெளியே போய்ப் பேசினாலோ நான் கேள்வி கேட்பதற்குள் பக்கத்து வீட்டுச் சௌதா பதில் சொல்லிவிடுவாள். அதனால் உன் ஊருக்கு வரும் பேருந்து ஓட்டுநர் மசாஞ்சாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு வாதம் வந்த கால் இன்னும் எழவில்லை, உகாலிக் களியும் மீனும் நன்றாகச் சாப்பிடுகிறார், என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கழிப்பறைக்குக் கொண்டுபோகவே நானும் சௌதாவின் கணவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறது, அதைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

உங்கள் அலுவலகம் போடுகிற வெள்ள வரைபடத்துக்காகப் போன வருஷம் கல்லூரிப் பிள்ளைகள் போனும் கையுமாக வந்து வீடு வீடாகத் தண்ணீர் எதுவரை ஏறும், கணுக்காலா, முழங்காலா, நெஞ்சா என்று கேட்டார்களே, அப்போது வீட்டை இடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நம் தெரு மொத்தமும் கணுக்கால் என்று பொய் சொன்னது. புதுப் பாலம் வந்த பிறகு தண்ணீர் வருவதில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னதும் பொய்தான் மகளே. கீழ்த்தெருக்காரர்கள் நெஞ்சு என்று உள்ளதைச் சொன்னார்கள், நான்கே மாதத்தில் அவர்கள் சுவரில் இடிப்பதற்கான சிவப்புக் குறி விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு நம் பத்து வீட்டுத் தலைவர் ஷோமரி "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா வீடு இருக்கும், உண்மை பேசினா புல்டோசர் வரும்" என்றார். பெருநாளைக்கு என்று பேர் பண்ணி எல்லோரும் சுண்ணாம்பு வாங்கிச் சுவரில் இருந்த தண்ணீர்க் கறையை மறைத்தோம். அவ்வளவு அழகாக நம் தெரு ஒரு பெருநாளுக்கும் இருந்ததில்லை.

இப்போது அதன் பலன் வருகிறது. மழைக்கு முன் சாக்கடை தூர்வார ஆட்கள் வந்தார்கள், வரைபடத்தைப் பார்த்து நம் தெருவைத் தாண்டிப் போனார்கள். நம் சாக்கடையில் மணலும் பாட்டிலும் நிறைந்து தண்ணீர் பின்னோக்கி ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மலைப்பக்கம் மழை கொட்டியபோது ஆற்றுக்கு அக்கரையில் எல்லோருடைய போனிலும் எச்சரிக்கை வந்து சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். வரைபடத்தில் நாம்தான் நனையாத தெருவாயிற்றே, இங்கே ஒரு போனும் சத்தம் போடவில்லை. ஆறு எங்கள் வாசற்படி வரை வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போனது.

ஷோமரியிடம் போய், திரும்ப அளக்கச் சொல்லலாம் என்றேன். "ஒருத்தர் காலுக்காக எல்லாரும் வீட்ட விடணுமாக்கும்" என்றார். சௌதா என் முகத்தையே பார்க்கவில்லை. அப்பாவோ "என் சுவத்துல சிவப்புக் குறி விழுந்த அன்னைக்கே நான் செத்தவன்னு வச்சுக்க" என்கிறார். வீடு அவர் கையால் கல் சுமந்து கட்டியது, அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தெருச்சனம் முழுக்க உயிருக்கு ஓடுகிற நேரத்தில் யார் வந்து அவரைத் தூக்குவார்கள் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். நேற்று அலமாரிக்குப் பின்னால் கரண்டியால் சுண்ணாம்பைச் சுரண்டினேன், கறை என் கழுத்து உயரத்தில் இருக்கிறது, அப்பா தூங்கும்போது போனில் படம் எடுத்து, கடையில் அச்சுப்போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் மேலதிகாரியிடம் காட்டு, கழுத்து என்று எழுதச் சொல். தெரு முழுதும் சிவப்பாகும், யார் சொன்னது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும், பிறகு இங்கே எனக்கு யாரும் ஒரு வாளித் தண்ணீர் தரமாட்டார்கள். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஏரிக் காற்றில் தலை நனைய நிற்காதே. உன் கையில் எப்போதும் நன்மையே தங்கட்டும். ஒன்றை மறக்காதே, எனக்கென்று ஒரு எண் வாங்கிச் சொல்லி அனுப்புகிறேன், எச்சரிக்கையை அதற்கு அனுப்பு, அப்பாவின் எண்ணுக்கு வேண்டாம், அவர் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்.

உன் அம்மா,
ஹவா